ஜாம்பவான் பட்டத்தை எதை வைத்து அளப்பது?

சச்சினா, பிராட்மேனா? பெலேயா, மெஸ்ஸியா? இந்த வாக்குவாதம் எந்த ஊர் டீக்கடையிலும் இதுவரை முடிந்ததில்லை. ஒருவர் எண்ணிக்கையைப் பேசுவார். இன்னொருவர் ஆட்டத்தின் அழகைப் பேசுவார். மூன்றாமவர் தான் பள்ளியில் படித்தபோது பார்த்த மேட்சைப் பேசுவார். ஆளுக்கொரு அளவுகோலை வைத்துக்கொண்டு அளந்தால் விடை எப்படி ஒன்றாக வரும்?

விளையாட்டைப் புதிதாகப் பின்தொடரத் தொடங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதக்கத்தையும் ரன்னையும் கூட்டிப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. இரண்டு கேள்விகள் கேட்டால் போதும். தன் காலத்தில், தனக்கு அடுத்த இடத்தில் இருந்தவரைவிட இவர் எவ்வளவு தூரம் முன்னால் நின்றார்? இவர் விலகிய பிறகு அந்த விளையாட்டு பழையபடியே இருந்ததா, மாறிவிட்டதா? சிலர் முதல் கேள்வியில் ஜெயிப்பார்கள், சிலர் இரண்டாவதில். இரண்டிலும் ஜெயித்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அடுத்தவருக்கும் அவருக்கும் நடுவே

முதல் கேள்விக்கு டான் பிராட்மேனைவிடத் தெளிவான உதாரணம் எந்த விளையாட்டிலும் கிடைக்காது. பேட்டிங் சராசரி எளிய கணக்குதான்: எடுத்த ரன்களை, அவுட் ஆன தடவைகளால் வகுக்க வேண்டும். பிராட்மேன் ஆஸ்திரேலியாவுக்காக 52 டெஸ்ட்களில் 80 இன்னிங்ஸ் ஆடினார். பத்து முறை நாட் அவுட். ஆக, அவுட் ஆனது 70 முறை. ரன்கள் 6,996. வகுத்தால் 99.94.

சச்சின் டெண்டுல்கர் 200 டெஸ்ட்களில் எடுத்தது 15,921 ரன்கள். பிராட்மேனைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மொத்த ரன் பட்டியலை மட்டும் பார்த்தால் பிராட்மேனைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரமாகும். ஆனால் சச்சினின் சராசரி 53.78. அது குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பதைத் தாண்டியவர்களையே உலகம் தலைசிறந்தவர்கள் என்கிறது. கிரீம் பொல்லாக், ஜார்ஜ் ஹெட்லி, ஹெர்பர்ட் சட்கிளிஃப் போன்ற சிலர் அறுபதைத் தொட்டு நிற்கிறார்கள். அவர்களுக்குள் இருக்கும் வித்தியாசம் தசமப் புள்ளிக்குப் பிந்தையது. அந்தக் கூட்டத்துக்கும் பிராட்மேனுக்கும் நடுவே கிட்டத்தட்ட 40 ரன் காலியாகக் கிடக்கிறது. நான் இடைவெளி என்று சொல்வது இதைத்தான்.

1948 ஆகஸ்ட் 14 அன்று லண்டன் ஓவல் மைதானத்தில் அவர் கடைசியாக பேட்டிங் செய்ய வந்தார். நான்கு ரன் எடுத்திருந்தால் சராசரி 100 ஆகியிருக்கும். எரிக் ஹோலிஸ் வீசிய இரண்டாவது பந்து கூக்ளி, அதாவது எதிர்பார்த்ததற்கு மறுபக்கம் திரும்பும் சுழற்பந்து. பௌல்டு. ரன் பூஜ்யம். இங்கிலாந்து அந்த டெஸ்ட்டின் முதல் இன்னிங்ஸில் 52 ரன்னுக்குச் சுருண்டிருந்தது. ஆஸ்திரேலியா இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றுவிட்டதால், அவருக்கு இரண்டாவது வாய்ப்பே வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1932-33இல் இங்கிலாந்து இவர் ஒருவரை அடக்குவதற்காகவே ஒரு வியூகம் வகுத்தது. பேட்ஸ்மேனின் கால் பக்கமான லெக் பக்கம் ஆட்களைக் குவித்து நிறுத்திவிட்டு, உடம்பைக் குறிவைத்து வேகப்பந்து வீசுவது. பாடிலைன் என்று பெயர் வந்தது. இரு நாட்டு உறவே கசக்கும் அளவுக்கு அது வளர்ந்தது. அந்தத் தொடரில் பிராட்மேனின் சராசரி 56.57. அவரைக் கட்டிப்போட்ட தொடர் என்று இதைத்தான் சொல்கிறார்கள். மற்றவர்கள் வாழ்நாள் முழுக்க ஏங்கும் எண் அது. பிற்பாடு, லெக் பக்கம், பேட்ஸ்மேன் நிற்கும் கோட்டுக்குப் பின்னால் இரண்டு ஃபீல்டர்களுக்கு மேல் நிறுத்தக்கூடாது என்று விதியே வந்தது. முதல் கேள்விக்கு உதாரணமாக அழைத்து வந்த மனிதர், இரண்டாவதிலும் கால் வைத்துவிட்டார்.

பதக்கம் எண்ணுவதில் உள்ள பொறி

நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் 28 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றார். அதில் 23 தங்கம். 2008 பெய்ஜிங்கில் மட்டும் எட்டு. ஹாக்கி வீரர் தயான் சந்தின் கணக்கில் இருப்பது மூன்றே தங்கம். அப்படியானால் ஃபெல்ப்ஸ் ஏழு மடங்கு பெரியவரா?

நீச்சலில் ஒரே ஆள் பட்டர்ஃபிளை, ஃப்ரீஸ்டைல், மெட்லி, ரிலே என்று ஒரே ஒலிம்பிக்கில் எட்டுப் போட்டிகளில் இறங்கலாம். ஹாக்கி வீரருக்கு ஒரு ஒலிம்பிக்கில் கிடைக்கக்கூடியது ஒரே ஒரு பதக்கம். அதையும் அணியோடு சேர்ந்துதான் வாங்க வேண்டும். தயான் சந்த் 1928 ஆம்ஸ்டர்டாம், 1932 லாஸ் ஏஞ்சலஸ், 1936 பெர்லின் என ஆடிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கினார். அவருக்கு இருந்த வாய்ப்பு மூன்று, வென்றதும் மூன்று. அடுத்து 1940, 1944 ஒலிம்பிக்குகள் போரினால் நடக்கவே இல்லை.

ஆம்ஸ்டர்டாமில் இந்தியா 29 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. அந்த 29இல் 14 தயான் சந்துடையது. பெர்லின் இறுதிப் போட்டியில் அவர் கேப்டன். ஜெர்மனிக்கு எதிராக 8-1. (ஹிட்லர் அவரை அழைத்து ராணுவத்தில் பதவி தருவதாகச் சொன்னார் என்று ஒரு கதை ஊர் ஊராக ஓடுகிறது. அதற்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்லை. பெரிய ஆட்களைச் சுற்றி இப்படிக் கதைகள் முளைப்பது வழக்கம்தான். 8-1 என்ற ஸ்கோர் இருக்கும்போது கதை எதற்கு?)

இதற்காக ஃபெல்ப்ஸைக் குறைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 15 வயதில் சிட்னி ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம் பிடித்த பையன், 2016 ரியோ வரை வென்றுகொண்டே போனார். நீச்சலில் அத்தனை ஆண்டுகள் உச்சத்தில் நிற்பது சாதாரணமில்லை. அவரைப் பிற நீச்சல்காரர்களோடு ஒப்பிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஹாக்கிக்காரரோடு ஒப்பிட்டால் எண் பொய் சொல்லும்.

காலமும் இதேபோல ஏமாற்றும். 1936இல் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 மீட்டரை 10.3 விநாடியில் ஓடினார். 2009இல் உசைன் போல்ட் 9.58. எட்டிப்பிடிக்க முடியாத தூரம் என்று தோன்றும். ஓவன்ஸ் ஓடியது எரிந்த கரித்துகள் பரப்பிய தளத்தில். ஒலிம்பிக்கில் அப்போது ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது. வீரர்கள் கையில் சிறு கரண்டியோடு வந்து, காலை ஊன்றிக்கொள்ளத் தாங்களே குழி தோண்டிக்கொண்டார்கள். போல்ட்டுக்குக் கிடைத்தது செயற்கைத் தளம். அதனால் இவர்கள் இருவரையும் கடிகாரத்தை வைத்து ஒப்பிடாமல், ஒவ்வொருவரையும் அவரவர் பக்கத்து லேனில் ஓடியவரோடு ஒப்பிடுங்கள். பெய்ஜிங் 2008 இறுதியில் போல்ட் 9.69, இரண்டாவதாக வந்த ரிச்சர்ட் தாம்சன் 9.89. நூறு மீட்டரில் 0.20 விநாடி என்பது மலை. அதுவும் எல்லைக்கோட்டுக்கு முன்பே கைகளை விரித்து, மார்பில் தட்டிக்கொண்டு, ஒரு காலணியின் நாடா அவிழ்ந்த நிலையில் ஓடி எடுத்த நேரம்.

கருவி எவ்வளவு தூரம் கணக்கைக் கெடுக்கும் என்பதற்கு 2009 ரோம் உலக நீச்சல் போட்டியே சாட்சி. பாலியூரித்தேன் உடைகளை அணிந்து நீந்திய அந்த ஒரே போட்டியில் 43 உலக சாதனைகள் உடைந்தன. அடுத்த ஆண்டே அந்த உடைகளுக்குத் தடை வந்தது.

ஒரே ஒரு நாள்

பாப் பீமனை எங்கே வைப்பது என்று எனக்கு இன்றும் குழப்பம்தான். 1968 அக்டோபர் 18, மெக்சிகோ சிட்டி, நீளம் தாண்டுதல். அதுவரை உலக சாதனை 8.35 மீட்டர். சாதனைகள் சில சென்டிமீட்டராகத்தான் நகர்ந்து வந்தன. பீமன் முதல் வாய்ப்பிலேயே 8.90 தாண்டினார். தூரத்தை அளக்க வைத்திருந்த ஒளியியல் கருவி அவ்வளவு தூரம் நகராது. பழையபடி அளவு நாடாவை எடுத்துவந்து அளந்தார்கள். தான் என்ன செய்தோம் என்பது புரிந்ததும் பீமன் கால் தளர்ந்து தரையில் விழுந்துவிட்டார்.

கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே உள்ள ஊர், காற்றின் அடர்த்தி குறைவு, பின்காற்றும் அனுமதித்த உச்ச அளவான விநாடிக்கு 2 மீட்டர். எல்லாம் கூடி வந்த நாள். ஆனால் அதே காற்றில்தான் மற்றவர்களும் தாண்டினார்கள், ஒருவரும் பக்கத்தில்கூட வரவில்லை. அந்தச் சாதனை 1991 வரை நின்றது. பீமன் பிறகு எந்தப் போட்டியிலும் அந்தத் தூரத்தை நெருங்கவே இல்லை. இடைவெளி பிரம்மாண்டம், ஆயுள் ஒரு மதியம். ஜாம்பவானா? ஒரு தாண்டலின் ஜாம்பவான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

விதிப்புத்தகத்தில் விழுந்த தழும்பு

இப்போது இரண்டாவது கேள்வி. ஒருவர் விளையாட்டை மாற்றினார் என்று எல்லோரைப் பற்றியும் சொல்கிறார்கள். அது உண்மையா என்று பார்க்க ஒரு நேர்வழி உண்டு. அவர் வருவதற்கு முன் இருந்த விதிப்புத்தகத்தையும், அவர் போன பிறகு உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூடைப்பந்தில் ஏழடிக்கு மேல் உயரமான வில்ட் சேம்பர்லெய்ன் 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். இவரைக் கூடையிலிருந்து கொஞ்சம் தள்ளி நிறுத்துவதற்காகக் கூடைக்குக் கீழே உள்ள பாதையின் அகலத்தை 12 அடியிலிருந்து 16 அடியாக்கினார்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் 14 வயது நாடியா கொமனேச்சி 1976 மான்ட்ரியலில் 10.0 வாங்கியபோது, ஸ்கோர்போர்டில் அந்த எண்ணைக் காட்ட இடமில்லை, 1.00 என்று வந்தது. அரங்கம் ஒரு கணம் விழித்தது. இன்று பத்துக்குப் பத்து என்ற முறையே ஒலிம்பிக்கில் இல்லை. கடினத்துக்குத் தனி மதிப்பெண், செய்நேர்த்திக்குத் தனி மதிப்பெண். அவருடைய வயதில் இன்று ஒரு சிறுமி ஒலிம்பிக்கில் இறங்கவும் முடியாது.

விதிப்புத்தகத்தோடு நேருக்கு நேர் மோதியவர் என்றால் முத்தையா முரளிதரன்தான். இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர், கண்டியில் பிறந்த மலையகத் தமிழர். அவர் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முதலில் "எறிதல்" என்றால் என்ன என்று தெரிய வேண்டும். கிரிக்கெட்டில் பந்தை வீச வேண்டும், எறியக் கூடாது. கை மடங்கியிருப்பது குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. மடங்கிய முழங்கை, பந்தை விடும் தருணத்தில் நிமிர்வதுதான் குற்றம். முரளிக்குப் பிறவியிலேயே முழங்கையை முழுதாக நீட்ட முடியாது. தோளும் மணிக்கட்டும் சாதாரண ஆட்களுக்குச் சுழலாத அளவுக்குச் சுழலும். மடங்கிய கை வேகமாகச் சுழன்று வரும்போது, தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது எறிவதுபோலவே தெரியும்.

1995 டிசம்பர் 26, மெல்போர்ன். நடுவர் டாரல் ஹேர் மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை நோ-பால் கொடுத்தார். 1999இல் அடிலெய்டில் இன்னொரு நடுவர் அதையே செய்தபோது, கேப்டன் ரணதுங்க அணியை எல்லைக்கோடு வரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆட்டம் நடுவில் நின்றது. முரளி ஆய்வகங்களுக்குப் போனார், உடம்பில் குறிகளை ஒட்டிக்கொண்டு அதிவேகக் கேமராக்கள் முன் வீசினார். 2004இல் கையை அசைக்க விடாத உலோகப் பட்டைகள் கொண்ட கவசத்தை மாட்டிக்கொண்டு, டி.வி. கேமரா முன் தன் எல்லாப் பந்துகளையும் வீசிக் காட்டினார்.

அப்போதைய விதி, சுழற்பந்து வீச்சாளருக்கு 5 டிகிரி, மித வேகத்துக்கு 7.5, வேகத்துக்கு 10 வரை முழங்கை நிமிரலாம் என்றது. முரளியின் தூஸ்ராவில் (வழக்கத்துக்கு மறுபக்கம் திரும்பும் பந்து) சுமார் 14 டிகிரி என்று பரிசோதனை சொன்னது. மாட்டிக்கொண்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அதே கேமராவை மற்றவர்கள் பக்கம் திருப்பியபோதுதான் வேடிக்கை. யாருமே குறை சொல்லாத பெரிய வேகப்பந்து வீச்சாளர்களின் கையும் பத்து டிகிரியைத் தாண்டி நிமிர்ந்துகொண்டிருந்தது. கண்ணால் பார்த்து யாராலும் பிடிக்க முடியாத அசைவு அது. பழைய விதியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால் உலகத்தில் பந்து வீச ஆளே மிஞ்சியிருக்க மாட்டார்கள். 2005 முதல் எல்லோருக்கும் 15 டிகிரி என்று சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி. மாற்றியது. முரளிக்காக வளைத்த விதி என்று இன்றும் முணுமுணுப்பவர்கள் உண்டு. கேமரா காட்டியதைப் பார்த்த பிறகும் அப்படிப் பேசுவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

2010 ஜூலையில் இலங்கையின் காலி நகரில், இந்தியாவுக்கு எதிராக, தன் கடைசி டெஸ்ட் என்று முன்பே அறிவித்துவிட்டு இறங்கினார். கையில் 792 விக்கெட். எட்டு வேண்டும். ஏழு வந்துவிட்டது, இந்தியாவிடம் மிச்சம் ஒரே விக்கெட். அது மற்ற பந்துவீச்சாளர் கையிலோ ரன் அவுட்டிலோ போயிருந்தால் கணக்கு 799இல் நின்றிருக்கும். ஓஜா அடித்த பந்து ஸ்லிப்பில் ஜெயவர்தன கைக்குப் போனது. 133 டெஸ்ட்களில் 800. கடைசி விக்கெட் வந்தது டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தில். அடுத்த இடத்தில் ஷேன் வார்ன், 708. எதிர்க்கட்சி வாதத்தையும் வைத்துவிடுகிறேன்: முரளியின் 800இல் 176 விக்கெட் வங்கதேசம், ஜிம்பாப்வே அணிகளிடம் வந்தவை. அவற்றைக் கழித்தாலும் மீதி 624. கழித்துப் பார்ப்பதும் நல்ல பழக்கம்தான்.

கழிப்பது என்றதும் ஊக்கமருந்து நினைவுக்கு வருகிறது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றார். 2012இல் ஏழும் பறிக்கப்பட்டன. அந்த ஏழு ஆண்டுகளுக்கும் இன்று வெற்றியாளர் என்று யார் பெயரும் இல்லை. போல்ட்டின் ஒன்பது தங்கத்தில் ஒன்று, ரிலே அணித்தோழர் சிக்கியதால் போய், எட்டானது. அதனால் பட்டத்தை அவசரமாகக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

பின்னால் யார் வந்தார்கள்

விதியைத் தொடாமலும் விளையாட்டை மாற்றலாம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா வெறுங்காலோடு மாரத்தான் ஓடித் தங்கம் வென்றார். அவர் நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். 1964 டோக்கியோவில், குடல்வால் அறுவை முடிந்த சில வாரங்களிலேயே வந்து மறுபடி வென்றார். 1968இல் அதே மாரத்தானை வென்றவர் அவர் நாட்டுக்காரரான மாமோ வோல்டே. பிறகு யிஃப்டர், துலு, கெப்ரசெலாசி, பெக்கெலே. ஒருவர் போய்வந்த பாதையில் ஒரு நாடே ஓடியது.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள எத்தியோப்பியா வரை போக வேண்டியதில்லை. 1988இல் சென்னைப் பையன் விஸ்வநாதன் ஆனந்த் செஸ்ஸில் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது, அதற்கு முன்னுதாரணம் என்று காட்ட நாட்டில் ஒருவர் இல்லை. ஐந்து முறை உலகப் பட்டம். இன்று இந்தியாவில் 80க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள். 2024 டிசம்பரில் 18 வயது குகேஷ் சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆனார். அவரும் சென்னை, ஆனந்திடம் வழிகாட்டல் பெற்றவர். செஸ் எப்படி விளையாட்டுக் கணக்கில் வரும் என்று கேட்பவர்கள் ஆறு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பதக்கமே இல்லாமலும் இது நடக்கும். 1984 லாஸ் ஏஞ்சலஸ், பெண்கள் 400 மீட்டர் தடை ஓட்டம். அந்தப் பிரிவு ஒலிம்பிக்கில் அன்றுதான் அறிமுகம். மூன்றாம் இடம் ருமேனிய வீராங்கனைக்கு, 55.41 விநாடி. பி.டி. உஷா 55.42. நூறில் ஒரு பங்கு விநாடி. பதக்கப் பட்டியலைப் புரட்டுபவருக்கு உஷாவின் பெயர் கண்ணில் படாது. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். பிறகு பெண் பிள்ளைகளுக்கென்று கேரளத்தில் ஓட்டப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். எண்பதுகளில் பள்ளி மைதானத்தில் வேகமாக ஓடிய எந்தப் பெண்ணையும் "பெரிய பி.டி. உஷாவா நீ?" என்று கேட்காத ஊர் தமிழ்நாட்டில் உண்டா?

எவ்வளவு காலம் பொறுப்பது?

கடைசியாக டிக் ஃபாஸ்பரி. என் இரண்டு கேள்விகளும் ஒன்றுக்கொன்று முரணாக வரும் இடம் இது.

உயரம் தாண்டுதலில் அந்தக் காலத்தில் எல்லோரும் வயிற்றுப் பக்கம் கம்பியைப் பார்த்தபடி, ஒரு காலை முன்னால் வீசிப் புரண்டு தாண்டினார்கள். அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்துப் பள்ளி மாணவரான ஃபாஸ்பரிக்கு அது சரிப்பட்டு வரவில்லை. தனக்கு வசதியாக மாற்றி மாற்றி, கடைசியில் வளைந்து ஓடிவந்து, முதுகைக் கம்பிக்குக் காட்டித் தலைகீழாக விழும் ஒரு முறைக்கு வந்து சேர்ந்தார். மணலும் மரத்தூளும் நிரப்பிய குழியில் அப்படி விழுந்தால் கழுத்து போய்விடும். நுரைமெத்தை வந்த காலம் என்பதால் தப்பித்தார். 1968 மெக்சிகோவில் 2.24 மீட்டர், ஒலிம்பிக் சாதனையோடு தங்கம்.

இரண்டாவதாக வந்தவர் தாண்டியது 2.22. ஆக, இடைவெளி இரண்டே சென்டிமீட்டர். ஃபாஸ்பரி உலக சாதனையை ஒருநாளும் வைத்திருந்ததில்லை. அடுத்த ஒலிம்பிக்குக்கு அமெரிக்க அணியில் இடம்கூடக் கிடைக்கவில்லை. 1972 மியூனிக்கில் ஆண்கள் தங்கத்தை வென்ற யூரி டார்மாக் பழைய பாணிக்காரர். அன்றைக்குத் தீர்ப்பு எழுதியிருந்தால், நான்கு வருடம் ஓடிய ஒரு கோமாளித்தனம் என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

அதே மியூனிக்கில் பெண்கள் பிரிவில் 16 வயது உல்ரிக்கே மைஃபார்ட் முதுகைக் காட்டித் தாண்டித் தங்கம் வென்றார். 1976இல் ஆண்கள் பிரிவிலும் அதே முறை. 1978இல் சோவியத் வீரர் விளாடிமிர் யாஷ்செங்கோ பழைய பாணியில் 2.34 மீட்டர் தாண்டி உலக சாதனை வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பாணியில் ஆண்கள் உலக சாதனை வரவே இல்லை. 1993இல் கியூபாவின் ஹாவியர் சொட்டோமயோர் வைத்த 2.45 மீட்டர் இன்றும் நிற்கிறது. அவரும் கம்பிக்கு முதுகைக் காட்டித்தான் தாண்டினார்.